டிக்கெட் போடுறதெல்லாம் ஒரு வேலையா?

“சார் நாளை மறுநாள் டெல்லி போறாங்க. ஒரு டிக்கெட் போட்டுடும்மா.”

காரைக்குடியில் அரசு வேலைகளை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் அலுவலகங்களில் ஒருவருக்காவது இந்த வாக்கியம் பழகிப்போயிருக்கும். அவர் கணக்கு எழுத வந்தவராக இருக்கலாம், டைப் அடிக்க வந்தவராக இருக்கலாம். வேலைக்குச் சேரும்போது டிக்கெட் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள். கம்ப்யூட்டரில் கை வேகமாக ஓடுகிறது என்று முதல் டிக்கெட்டைப் போடச் சொன்னார்கள். அப்புறம் ரயில், விமானம், ரூம், கார், அட்வான்ஸ், பில் என்று எல்லாமே அந்த மேஜைக்கு வந்து சேர்ந்துவிட்டன.

பெரிய நிறுவனங்களில் இதே வேலைக்கு ‘பிசினஸ் டிராவல் கோ-ஆர்டினேட்டர்’ என்று பெயர் உண்டு. தனிச் சம்பளமும் உண்டு. சின்ன ஊரில் பெயர் இல்லாமல் அதே வேலை நடக்கிறது. பெயர் இல்லாத வேலையில் பொறுப்பு மட்டும் வந்து சேரும், பாதுகாப்பு வராது. இந்த வாரம் அந்த மேஜையைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

விமானம் ஓட்டியவரின் ஊர்

காரைக்குடிக்கும் அரசு வேலைக்கும் உள்ள உறவு பழையது. ஊர்க்காரர்கள் ‘சிக்ரி’ என்று சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அந்த ஆய்வகம் இங்கே வருவதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் வள்ளல் அழகப்பர்.

அழகப்பர் விமானம் ஓட்டக் கற்றவர். ‘ஜுபிடர் ஏர்வேஸ்’ என்ற விமான நிறுவனத்தையே நடத்தியவர். ஆனால், அவருடைய ஊர்க்காரர்கள் இன்று விமானம் ஏற வேண்டுமானால் மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். இரண்டுமே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ரயில் என்றால் விடியற்காலையில் கிளம்பும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராமேஸ்வரத்திலிருந்து வரும் இரவு ரயில்கள் இருக்கின்றன.

சென்னையில் இருப்பவருக்கு விமானத்தைத் தவறவிட்டால் அடுத்த விமானம் இருக்கும். காரைக்குடிக்காரருக்கு அப்படி இல்லை. கார் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும், டிரைவர் இரவு தூங்கினாரா, வழியில் திருவிழாக் கூட்டம் உண்டா என்பது வரை யோசித்துத்தான் டிக்கெட் போட முடியும். ஊர் சின்னதாக இருந்தால் இந்த வேலை பெரிதாகிவிடுகிறது.

ஒரு கூட்டம், பின்னோக்கி ஒரு கணக்கு

ஒரு மின்வேலை கான்ட்ராக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெல்லியில் ஓர் அரசுத் துறை டெண்டர் விட்டிருக்கிறது. விண்ணப்பத்தை ஆன்லைனில் போட்டுவிடலாம். ஆனால், டெண்டருக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்துக்கு நேரில் போனால்தான் சந்தேகம் கேட்க முடியும். பேங்க் கியாரன்டியின் அசலைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் நேரில் சேர்க்கச் சொல்லும் துறைகளும் உண்டு. சேரவில்லை என்றால், எவ்வளவு குறைந்த விலை கேட்டிருந்தாலும் கவரைப் பிரிக்கவே மாட்டார்கள்.

கூட்டம் காலை 11 மணிக்கு. இந்த வேலை தெரிந்தவர் அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவார். அரசு அலுவலக வாசலில் பாஸ் வாங்க அரை மணி நேரம். டெல்லி டிராஃபிக்கில் ஒரு மணி நேரம். வடக்கே குளிர்காலம் என்றால் பனிமூட்டத்தில் காலை விமானங்கள் தாமதமாகும். ஆகவே, முதல் நாள் மாலையே டெல்லியில் இறங்கியிருக்க வேண்டும். அப்படியானால் காரைக்குடியில் எப்போது கார் ஏற வேண்டும்?

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. சென்னையில் விமானம் மாற வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே பி.என்.ஆரில் போடுவது நல்லது. 500 ரூபாய் குறைகிறது என்று தனித்தனியாகப் போட்டால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவது விமானக்காரருக்கு அது சம்பந்தமில்லாத விஷயம். பணம் போனது போனதுதான். ரயிலில் இதற்கு ஒரு வழி உண்டு. 2019 ஏப்ரல் முதல், தொடர்ந்து போகும் இரண்டு ரயில்களின் பி.என்.ஆர்களை இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவது தவறினால், போகாத பகுதிக்குப் பணம் திரும்பக் கேட்கலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர் முதலாளிக்கு எத்தனை முறை பணம் மிச்சம் பிடித்துத் தந்திருக்கிறார் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

பயணம் முடிந்த பிறகுதான் பரீட்சை

தனியார் வேலைக்குப் போய்வந்தால் பில்லை முதலாளி பார்ப்பார், அவ்வளவுதான். அரசு வேலையில் அந்த பில்லைத் தணிக்கை அதிகாரியும் பார்ப்பார். அதனால் டிக்கெட் போடுவதற்கு முன்பே ஒப்பந்தத்தைப் படித்துவிட வேண்டும்.

மொத்தமாக ஒரு தொகைக்கு எடுத்த வேலை என்றால் பயணச் செலவும் அதற்குள்தான். ஒரு ரூபாய் கூடுதலாகச் செலவானாலும் அது கான்ட்ராக்டரின் லாபத்தில் விழும் ஓட்டை. ஆலோசனைப் பணி போன்ற சில ஒப்பந்தங்களில் பயணச் செலவை உண்மையான செலவின்படி தனியாகக் கேட்டு வாங்கலாம். ஆனால், எந்த வகுப்பு, ரூமுக்கு எவ்வளவு என்று வரம்பு போட்டிருப்பார்கள். சில ஒப்பந்தங்களில் ‘இன்ன நிலை அரசு அலுவலருக்கு இணையாக’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு பெரிய விதிப்புத்தகமே இருக்கிறது.

7-வது ஊதியக் குழுவுக்குப் பிறகு, 2017 ஜூலையில் மத்திய அரசு போட்ட ஆணைப்படி, 6 முதல் 11 வரையிலான ஊதிய நிலையில் உள்ளவர்கள் எகானமி வகுப்பில் பறக்கலாம் அல்லது ரயிலில் 2-ம் வகுப்பு ஏ.சி.யில் போகலாம். ஆனால் ரூம் வாடகை வரம்பு அந்த எல்லோருக்கும் ஒன்றல்ல. அந்த ஆணையில் 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 750 ரூபாய். 9 முதல் 11 வரை உள்ளவர்களுக்கு 2,250 ரூபாய். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போகும் இரண்டு பேருக்கு ஒரே ஓட்டலில் ரூம் போட்டால், ஒருவருடைய பில் தேறும், மற்றவருடையது தேறாது. கைக்காசு போனவர் யாரைக் கோபித்துக்கொள்வார்? ரூம் போட்டவரைத்தான்.

விமான டிக்கெட்டுக்கும் விதி உண்டு. 2022 ஜூனில் மத்திய நிதி அமைச்சகம் தன் ஊழியர்களுக்குச் சொன்னது இது: டிக்கெட்டை 21 நாட்களுக்கு முன்பே போடுங்கள், இருப்பதில் குறைந்த கட்டணத்தை எடுங்கள், ஒரு பயணத்துக்கு ஒரு டிக்கெட் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புறப்படுவதற்கு 72 மணி நேரத்துக்குள் டிக்கெட் போட்டாலோ, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலோ காரணத்தை எழுதித் தர வேண்டும். பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ் அண்ட் டூர்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. ஆகிய மூன்றின் வழியாக மட்டுமே போட வேண்டும். இது அரசு ஊழியர்களுக்கான விதி. கான்ட்ராக்டரின் ஆட்களுக்கு அப்படியே பொருந்திவிடாது. ஆனால், ஒப்பந்தம் அரசு விதியைக் கைகாட்டியிருந்தால், பில்லைப் பார்க்கும் அதிகாரி இதே கண்ணாடியைத்தான் போட்டுக்கொள்வார். “குறைந்த கட்டணம் இருக்கும்போது ஏன் கூடுதல் கட்டணத்தில் போனீர்கள்?” என்ற கேள்வி ஆறு மாதம் கழித்து வரும். டிக்கெட் போட்ட அன்று கட்டணப் பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தவருக்குப் பதில் இருக்கும். மற்றவர்கள் விழிக்க வேண்டியதுதான்.

ஜி.எஸ்.டி.யும் இந்த மேஜைக்குத்தான் வரும். விமான டிக்கெட் போடும்போதே நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுக்க வேண்டும். பிறகு கெஞ்சினாலும் மாற்றி வாங்குவது சிரமம். ஓட்டல் பில்லில் வேறொரு சிக்கல். தமிழ்நாட்டில் மட்டும் பதிவு செய்த நிறுவனம், டெல்லி ஓட்டல் பில்லில் கட்டிய வரியை இங்கே வரவு எடுக்க முடியாது. அது முழுச் செலவாகவே நிற்கும். இதெல்லாம் தெரிந்தவரைப் பார்த்துத்தான் ‘சும்மா டிக்கெட் போடுற பிள்ளை’ என்கிறார்கள்.

கடல் கடந்தாலும் இதே கதை

இது நம் ஊர்ச் சிவப்பு நாடா என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மத்திய அரசுக்கு வேலை செய்யும் கான்ட்ராக்டர்களுக்கும் இப்படித்தான். செலவைக் கேட்டு வாங்கும் ஒப்பந்தங்களில், எந்த ஊரில் ரூமுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று அரசு போட்டிருக்கும் தினப்படிதான் பொதுவாக உச்ச வரம்பு. விமானத்திலும் கிடைக்கும் குறைந்த கட்டணத்துக்கு மேல் போனால், தகுந்த காரணம் இல்லாமல் தர மாட்டார்கள். அரசுப் பணத்தில் வெளிநாடு போனால் பெரும்பாலும் அமெரிக்க விமானத்தில்தான் போக வேண்டும் என்றும் சட்டம் உண்டு. அங்கே இதைக் கவனிக்க ஒரு பதவி இருக்கிறது, அதற்குப் பயிற்சி இருக்கிறது, எழுதி வைத்த விதிமுறை இருக்கிறது. வேலை ஒன்றுதான். மரியாதைதான் வேறு.

உண்மையில் செட்டிநாட்டுக்கு இது புதிய வேலையும் இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் பூமி இது. ஒரு மேலாள் மூன்று வருஷக் கணக்குக்கு ரங்கூன் கிளம்புகிறார் என்றால், கப்பல் எப்போது, கூடப் போவது யார், கையில் கொடுத்த தொகை எவ்வளவு என்பதெல்லாம் ஊரில் இருக்கும் கணக்கில் ஏறும். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 1926 முதல் 1973 வரை போய்வந்த ‘ரஜூலா’ கப்பலைப் பற்றிப் பேசாத பழைய வீடுகள் இங்கே குறைவு. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது, ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊர்களில் கதவைத் திறந்தது. போகிற இடத்தில் தங்க இடம் வேண்டுமே என்று காசியிலும் ராமேஸ்வரத்திலும் சத்திரமும் விடுதியும் கட்டி வைத்தார்கள். காசி சத்திரத்துக்கு வயது 200-ஐத் தாண்டிவிட்டது. பயணத்தைக் கணக்கோடு நடத்துவது இந்த மண்ணின் பழக்கம். அதைச் செய்கிறவரை மதிப்பதுதான் இடையில் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

உங்கள் ஐடி, உங்கள் பெயர், உங்கள் வழக்கு

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை அது 120 நாட்கள். கான்ட்ராக்ட் வேலையில் 60 நாட்களுக்கு முன்னால் பயணம் தெரிவது அபூர்வம். எனவே தட்கல்தான் கதி. முந்தைய நாள் காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்பும் 11 மணிக்கு மற்ற வகுப்புகளும் திறக்கும். 2025 ஜூலை முதல், ஆதார் சரிபார்த்த கணக்கிலிருந்து மட்டுமே ஆன்லைனில் தட்கல் போட முடியும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்டுகள்கூட முதல் 30 நிமிடங்களுக்குத் தட்கலைத் தொடக்கூடாது. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணமும் திரும்பாது.

விளைவு என்ன? அலுவலகத்துக்கான டிக்கெட்டுகள் எல்லாம் அந்தப் பெண்ணின் அல்லது பையனின் சொந்த ஆதார் இணைத்த சொந்த ஐடியிலிருந்து போகின்றன. ஓ.டி.பி. அவருடைய செல்போனுக்கு வருகிறது. சில இடங்களில் பணமும் அவருடைய கணக்கிலிருந்தே போய், மாதக் கடைசியில் திரும்ப வருகிறது.

குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்கும் சொந்த ஐடியில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதில் தவறில்லை என்று ரயில்வே 2024-ல் தெளிவுபடுத்தியது. ஆனால், வியாபாரத்துக்காகப் போடுவது வேறு. அங்கீகாரம் இல்லாமல் ரயில் டிக்கெட் வாங்கித் தருவதையே தொழிலாகச் செய்வது, ரயில்வே சட்டம் 143-வது பிரிவின்படி குற்றம். 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த ஐடிகளை வைத்து ஆன்லைனில் இந்தத் தொழிலைச் செய்தாலும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒருவர் தன் அலுவலக ஆட்களுக்கு டிக்கெட் போடுவது கமிஷன் வாங்கி விற்பது போன்றதல்ல. ஆனாலும், மாதம் முழுக்க யார் யாருக்கோ ஒரே ஐடியில் டிக்கெட் போனால், சந்தேகம் முதலில் அந்த ஐடியின் மீது விழும். கணக்கு முடங்கினாலும் விசாரணை வந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளி அல்ல. திரையில் பெயர் உள்ளவர். “பக்கத்து சைட்டுக்காரங்களுக்கும் சேர்த்து ரெண்டு போட்டுடுப்பா, ஏதாவது பாத்துக் கொடுப்பாங்க” என்று ஆரம்பித்தால், அது சட்டம் சொல்லும் குற்றத்துக்குள்ளேயே காலை வைப்பதுதான். அந்த இடத்தில் “முடியாதுண்ணே” என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஸ்லீப்பரில் போகிறவரும் பயணிதான்

டெல்லி போகும் முதலாளிக்குக் காட்டும் அக்கறை, வேலைத் தளத்துக்குப் போகும் வயர்மேனுக்கும் வெல்டருக்கும் கிடைக்கிறதா என்பதும் இந்த மேஜையில்தான் தெரியும். பத்துப் பேரை வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது டிக்கெட் உறுதியாகவில்லை என்றால், முன்பதிவு இல்லாத பெட்டியில் இரண்டு இரவுகள் நின்றுகொண்டே போவார்கள். போய் இறங்கியதும் கம்பத்தில் ஏறி வேலை பார்க்க வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளருக்குப் பயணப்படி கொடுக்க வேண்டும் என்பது 1979 சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், ஆண்டுக்கு ஒரு முறை சொந்த ஊர் போய்வரும் கட்டணத்தைக் கொடுக்கச் சொல்கிறது. இது முதலாளி மனமிரங்கிக் கொடுப்பதல்ல. தொழிலாளியின் பெயரில் அந்தத் தொகை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்ல பயண ஒருங்கிணைப்பாளரின் வேலை.

பெண் இன்ஜினீயர் ஒருவர் நள்ளிரவில் தெரியாத ஊரில் இறங்குகிறார் என்றால், 400 ரூபாய் குறைவான ரயிலைவிடப் பகலில் சேரும் ரயில்தான் சரியான ரயில். இதை எந்த விதியும் சொல்லித் தராது. வீட்டில் அக்கா தங்கை பயணம் போகும்போது எப்படி யோசிப்போமோ அப்படி யோசித்தால் போதும்.

கேட்டு வாங்க வேண்டியவை

இந்த வேலையில் இருப்பவர்களும், பிள்ளைகளை இதற்கு அனுப்பும் பெற்றோரும் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும்.

முதலாவது, பெயர். வேலை உத்தரவில் பயண ஒருங்கிணைப்பும் உங்கள் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது அதுதான் அனுபவச் சான்று.

இரண்டாவது, வழி. அலுவலகப் பயணங்களுக்கு அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் ஒருவரை நிறுவனம் ஏற்பாடு செய்யட்டும். தட்கல் அவசரம் வந்தால், பயணம் போகிறவர் தன் ஆதார் இணைத்த கணக்கிலேயே போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து உதவுங்கள்.

மூன்றாவது, பணம். உங்கள் கார்டு, உங்கள் ஜிபே வேண்டாம். பயணத்துக்கு என்று நிறுவனம் ஒரு கணக்கு வைக்கட்டும்.

நான்காவது, ஒரு பக்கத் தாள். யாருக்கு எந்த வகுப்பு, ரூமுக்கு எவ்வளவு, யார் ஒப்புதல் தர வேண்டும், கடைசி நேரத்தில் ரத்தானால் செலவு யாருடையது என்று எழுதி முதலாளி கையெழுத்துப் போட்டுத் தரட்டும். போர்டிங் பாஸ், கட்டணப் பட்டியல், ஓட்டல் பில், ஒப்புதல் மெயில் எல்லாவற்றையும் பயணத்துக்கு ஒரு ஃபோல்டராகப் போட்டு வையுங்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. தாளைக் கேட்கிறவர் உங்களை நம்பாதவர் அல்ல. ஆறு மாதம் கழித்துத் தணிக்கையில் உங்கள் பில்லைக் காப்பாற்றப்போகிறவர் அவர்தான்.